தேநீர்க் கிண்ணமும் மீன் பறியும்: சென் நோ ரிக்யூவின் வாழ்வும் சாவும்

1522ஆம் ஆண்டு. தென்னாட்டில் கிருஷ்ணதேவராயர் ஆட்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. பழவேற்காட்டுத் துறையிலிருந்து துணிப்பொதிகளை ஏற்றிய மரக்கலங்கள் மலாக்காவுக்குச் சென்று மீண்டன. அதே ஆண்டில், மலாக்காவுக்கும் அப்பால், கீழ்த்திசைக் கடலில் உள்ள ஜப்பான் நாட்டில், சக்காய் என்னும் துறைமுக நகரத்து மீன் மொத்த வணிகர் ஒருவர் இல்லத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. தந்தையின் பெயர் தானாக்கா யோஹெய். மகனுக்கு இட்ட பெயர் யோஷிரோ. பின்னாளில் சென் நோ ரிக்யூ என்று உலகம் அறிந்த பெருமகன் அவரே. தேநீர் அருந்துதலை ஒரு கலையாகவும் ஒருவகை நோன்பாகவும் ஆக்கியவர். கையால் பிசைந்த மண் கிண்ணம் பொற்கிண்ணத்தினும் உயர்ந்தது என்று நாடாண்ட தலைவனின் அவையிலேயே நிலைநாட்டியவர். எழுபதாம் அகவையில் அத்தலைவனின் ஆணையால் தம் வயிற்றைத் தாமே கீறி மாண்டவர்.

பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களில் வாழ்வோர்க்கு அவர் பிறந்த வீட்டின் சூழலை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விடியுமுன் கரைசேரும் படகு, கூடை கூடையாக இறங்கும் மீன், உப்பு, கருவாட்டு வாடை, ஏலக்குரல், முன்பணம் கொடுத்தவனுக்கும் வலை இழுத்தவனுக்கும் இடையே தீராத கணக்கு: மீன்துறை எந்நாட்டிலும் ஒன்றே. யோஹெய் மீன் வணிகத்தோடு கரையோரக் கிடங்குகளை வாடகைக்கு விட்டும் பொருள் ஈட்டினார். சக்காய் அந்நாளில் சிற்றூர் அன்று. ஒருபுறம் கடலும் மறுபுறங்களில் அகழியும் சூழ, வணிகர் அவையே நகரை ஆண்டது. 1560களில் அங்கிருந்த ஐரோப்பியப் பாதிரியார் ஒருவர் அதனை வெனிஸ் நகருக்கு ஒப்பிட்டு எழுதினார். வாள் பிடித்தவனே ஆள்பவன் என்றிருந்த நாட்டில், துலாக்கோல் பிடித்தவர்கள் ஆண்ட ஊர் அது. பொருளைக் கண்ட அளவிலேயே அதன் தரத்தைச் சொல்லும் கண் அவ்வூரார்க்குத் தொழிற்சொத்து. ரிக்யூவை முற்றும் துறந்த முனிவராகவே தீட்டிக் காட்டுவோர், அவருடைய கலைக்கண்ணின் வேர் மீன் கிடங்கில் இருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

அந்நாட்டார் போற்றிய தேநீர், தமிழகத்துக் கடைகளில் ஆற்றித் தரும் பால் கலந்த தேநீர் அன்று. நிழலில் வளர்த்த கொழுந்தை ஆவியில் வாட்டி, உலர்த்தி, கல் எந்திரத்தில் பசும்பொடியாக அரைப்பர். பொடியைக் கிண்ணத்தில் இட்டு வெந்நீர் வார்த்து, மூங்கிலைச் சீவிச் செய்த சிறு மத்தினால் நுரையெழக் கலக்கி, அக்கிண்ணத்திலிருந்தே பருகுவர். ஆக்கும் கலமும் அருந்தும் கலமும் ஒன்றே. அதற்குப் பிடி கிடையாது. இரு கைகளாலும் ஏந்த வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து மீண்ட எய்சாய் என்னும் ஜென் துறவி இவ்வழக்கத்தைப் பரப்பினார் என்பர். துறவியர் உறக்கம் போக்கப் பருகியது, காலப்போக்கில் பிரபுக்களின் பகட்டாயிற்று. சீனத்திலிருந்து வந்த கருமெருகுக் கிண்ணங்களை அடுக்கிக் காட்டுவதே விருந்தின் நோக்கமாயிற்று.

இப்பகட்டுக்கு மாற்று தேடியவர் முராத்தா ஜுகோ (1423–1502). அவர் வழியில் வந்தவர் சக்காய் வணிகரான தாக்கெனோ ஜோவோ (1502–1555). ஜோவோ முதற்கண் கவிஞராகவே விரும்பியவர். கியோட்டோ நகரில் சஞ்சோநிஷி சானெதாக்கா என்னும் பெருமகனிடம் கவிதையியல் பயின்றார். பலர் கூடியிருந்து அடியடியாகத் தொடுத்துப் பாடும் தொடர்பாட்டு மரபில், மலர்ந்து ததும்பும் அழகினும் குளிர்ந்து வாடிய அழகே மேலானது என்னும் ஒரு கொள்கை இருந்தது. அதனை ஜோவோ தேநீர் அறைக்குள் கொணர்ந்தார். பாட்டில் சொல்லைக் குறைப்பது போல் அறையில் பொருளைக் குறைத்தார். ஆகத் தேநீர்க் கலைக்குச் செவிலித்தாய் கவிதையே. கவிஞர்கள் சற்றே பெருமிதம் கொள்ளலாம். பத்தொன்பது அகவை அளவில் ரிக்யூ இந்த ஜோவோவிடம் மாணவராகச் சேர்ந்தார். தைத்தொகுஜி மடத்தில் ஜென் நெறியும் பயின்று சோஎக்கி என்னும் பெயர் ஏற்றார்.

கிண்ணம் பற்றிய மாற்றம் மெல்ல நிகழ்ந்தது. ரிக்யூவின் மாணவரான யமானோவே சோஜி, 1588ஆம் ஆண்டளவில் எழுதிவைத்த குறிப்பில், சீனக் கிண்ணங்கள் வழக்கொழிந்து, கொரியக் கிண்ணங்களும் உள்நாட்டில் புதிதாகச் செய்தவையும் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன என்று பதிவு செய்கிறார். கொரியக் கிண்ணங்கள் பல அந்நாட்டுச் சிற்றூர்க் குயவர் நாள்முழுதும் சக்கரத்தில் வனைந்து தள்ளியவை. சோறு உண்ணவோ வேறு பயனுக்கோ ஆனவை. மெருகு சில இடத்தில் வழிந்திருக்கும். சில இடத்தில் விட்டுப்போயிருக்கும். குயவன் விரல் சுழன்ற தடம் உட்புறத்தில் வரிவரியாகத் தெரியும். அழகு செய்கிறோம் என்னும் நினைவே இல்லாத கையின் விரைவு அது. அந்த விரைவில் ஓர் உண்மை இருப்பதை ரிக்யூவின் தலைமுறை கண்டுகொண்டது.

அக்கிண்ணங்களில் ஒருவகைக்குத் தொத்தோயா என்று பெயர். அச்சொல்லுக்கு மீன்கடை என்பது பொருள். ரிக்யூ ஒரு மீன்கடைத் தட்டிலிருந்து அதனைக் கண்டெடுத்தார் என்று ஒரு சாராரும், அப்பெயர் கொண்ட சக்காய் வணிகர் ஒருவர் வாங்கிவந்தவை என்று மற்றொரு சாராரும் கூறுவர். எதுவாயினும் மீன் வாடை வீசும் பெயரே ஜப்பானியக் கலைவரலாற்றில் நிலைத்துவிட்டது. செம்பழுப்பு மண், அதன்மேல் மெல்லிய மெருகு, ஆங்காங்கே நீலச்சாம்பல் சாயல். அவற்றுள் வாய் அகன்று அடி ஆழமின்றி விரிந்தவை கோடைக்குப் பொருந்தும்.

கோடைக் கிண்ணம் என்பது வெறும் அலங்காரப் பிரிவன்று. கடுங்குளிரில் நீண்டு உயர்ந்த குழல்போன்ற கிண்ணத்தை எடுப்பர். வாய் குறுகியிருப்பதால் வெப்பம் உள்ளே தங்கும். வெயில் முதிர்ந்த நாளில் தாலம்போல் அகன்ற கிண்ணத்தை எடுப்பர். தேநீர் பரந்து நிற்பதால் ஆவி விரைந்து வெளியேறும். ஏரியின் உப்புக்காற்றும் கத்திரி வெயிலும் பட்டு வந்தவன், பழையதை ஏன் அகன்ற மண்சட்டியில் இட்டு உண்கிறான் என்பதை அறிந்தவர்க்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். அடுப்பும் இடம் மாறும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையில் குழித்த அடுப்பு விருந்தினர் அருகே எரியும். மே முதல் அக்டோபர் வரை சிறு கணப்புச்சட்டி அவர்களைவிட்டு விலகி நிற்கும். பிற்காலத்து வழக்கம் ஒன்றும் உண்டு. உச்சக் கோடையில் அகன்ற கிண்ணத்தில் தண்ணீரும் அதில் நனைந்த வெண்துணியுமாகக் கொண்டுவருவர். விருந்தினர் முன் துணியைப் பிழியும்போது நீர் சொட்டும் ஓசை சிற்றறையில் கேட்கும். அதனைக் கேட்டே உடல் குளிரும். கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் வெம்மையும் தோன்றச் செய்வதே தேநீரின் நெறி என்று ரிக்யூ கற்பித்தார் எனவும், இது யாரும் அறிந்ததுதானே என்று ஒருவர் அலட்சியமாகக் கூற, அதனைச் செய்து காட்டினால் தாமே அவருக்கு மாணவராவதாக ரிக்யூ விடையளித்தார் எனவும் ஒரு மரபுச் செய்தி வழங்குகிறது.

அரசியல் அவரைத் தேடி வந்தது. 1568ஆம் ஆண்டு தலைநகரைக் கைப்பற்றிய ஓடா நொபுனாகா, சக்காய் வணிகரிடம் பெரும் பொருள் கேட்டுப் பணியவைத்தான். பின்னர் அவ்வூர்த் தேநீர் வல்லுநர் மூவரைத் தன் பணியில் அமர்த்தினான். ரிக்யூ அவர்களுள் ஒருவர். புகழ்பெற்ற தேநீர்க் கலங்களைப் பறித்துச் சேர்ப்பதும், வென்ற தளபதிக்குப் பரிசாக வழங்குவதும் அவன் ஆட்சிக் கலையாக இருந்தன. 1582இல் நொபுனாகா தன் படைத்தலைவன் ஒருவனின் துரோகத்தால் அழிந்தான். அவனிடத்துக்கு வந்தவன் டொயோட்டோமி ஹிதெயோஷி. எளிய குடியில் பிறந்து நாட்டின் தலைவனாக உயர்ந்தவன். 1585இல் அவன் பேரரசர் ஓகிமாச்சிக்குத் தேநீர் படைத்தபோது, பட்டம் இல்லாத வணிகர் அரண்மனைக்குள் நுழையலாகாது என்பதால் ரிக்யூ என்னும் பெயரைப் பேரரசர் அருளினார். அறுபது அகவையைக் கடந்த பின்பே அப்பெயர் அவருக்கு வாய்த்தது.

ஹிதெயோஷி ஒரு பொன்னறை செய்வித்தான். சுவரெல்லாம் பொன் தகடு, கலங்களும் பொன். கழற்றி வேறிடம் கொண்டுசென்று பூட்டலாம். 1586இன் தொடக்கத்தில் அது அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே தலைவனின் தேநீர் ஆசானாக இருந்த ரிக்யூ கட்டியதென்று கருதப்படும் குடில் ஒன்று கியோட்டோவுக்கு அருகே யமசாக்கியில் இன்றும் உள்ளது. இரண்டே பாய் அகலம். ஏறத்தாழ ஆறடிக்கு ஆறடி. களிமண் சுவரில் வைக்கோல் துணுக்குகள் தெரியும். அதற்குள் நிமிர்ந்து செல்ல முடியாது. மண்டியிட்டுத் தவழ்ந்து நுழையும் சிறு வாயிலே உண்டு. ஹிராகாட்டா படகுத்துறையில் மீன்பிடி படகின் சிற்றறையிலிருந்து மக்கள் குனிந்து தவழ்ந்து வெளிவருவதைக் கண்டு ரிக்யூ இவ்வாயிலை அமைத்தார் என்பது மரபு. வாளை வெளியே தொங்கவிட்டுவிட்டுப் படைத்தலைவனும் மீனவனைப்போல் தவழ்ந்தே உள்ளே வரவேண்டும்.

இத்தகைய குடிலுக்கேற்ற கிண்ணத்தை எங்கும் காணாத ரிக்யூ, அதனைச் செய்விக்க ஒரு கலைஞரைத் தேடிக்கொண்டார். அவர் சோஜிரோ; கூரை ஓடும் ஓட்டின் மேல் வைக்கும் சிங்க உருவும் செய்துவந்தவர். சோஜிரோ சக்கரத்தைத் தொடவில்லை. களிமண்ணை உள்ளங்கையால் தட்டி, எழுப்பி, கத்தியால் சீவினார். கரும்பூச்சுப் பூசிச் சிறு சூளையில் இட்டு, செந்தணலாக ஒளிரும்போதே இடுக்கியால் வெளியே எடுத்து ஆறவிட்டார். இதனால் கிண்ணம் கனமின்றி நுண்துளையுடன் அமைந்தது. உள்ளே வெந்நீர் இருந்தாலும் கையைச் சுடாது. வெம்மை மெல்ல மெல்லவே விரலுக்கு வரும். கருமையில் பசுந்தேநீர் தனியே ஒளிரும். அதில் படம் இல்லை, கோடு இல்லை. பொன்னறையில் அமர்ந்திருந்த ஹிதெயோஷிக்குக் கருங்கிண்ணம் பிடிக்கவில்லை என்று அக்கால வணிகர் நாட்குறிப்பு ஒன்று கூறுகிறது. சோஜிரோ 1589இல் மறைந்தார். ராக்கு என்று பெயர்பெற்ற அவர் குடும்பத்தில் பதினாறாம் தலைமுறை இப்போது கியோட்டோவில் சூளை மூட்டுகிறது.

கிண்ணத்தினும் துணிந்த தேர்வு ஒன்று உண்டு. காத்சுரா ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரின் இடுப்புக் கூடையைக் கேட்டுப் பெற்று, ரிக்யூ அதனைத் தேநீர்க் குடிலின் பூக்கலமாக்கினார். காத்சுரா ஆற்றுக் கூடை என்ற பெயரோடு அது கோபே நகர் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. தமிழில் அதற்குச் சரியான சொல் பறி. சங்கப் பாடல்கள் அறிந்த சொல். பழவேற்காட்டில் இன்னும் உயிரோடிருக்கும் சொல். கழியில் இறங்கி இறால் தடவும் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதை அதற்குள் இடுவர். மீன் செதிள் ஒட்டிய அத்தகைய பறி ஒன்றைச் சீன வெண்கலச் சாடி இருந்த இடத்தில் மாட்டி, அதில் ஒரு கோடைப் பூவை நிறுத்துவதாக எண்ணிப் பார்த்தால், ரிக்யூ செய்ததன் துணிவு புலப்படும்.

கோடைப் பூ என்றதும் நினைவுக்கு வரும் நிகழ்ச்சி ஒன்று, வரலாறோ புனைவோ, ஜப்பானியர் எல்லாரும் அறிந்தது. ரிக்யூவின் தோட்டத்தில் காலையில் மலரும் கொடிப்பூக்கள் நிறைந்திருப்பதாகக் கேள்வியுற்ற ஹிதெயோஷி விடியற்காலைத் தேநீருக்கு வந்தான். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை, கொடியெல்லாம் அறுக்கப்பட்டிருந்தது. சினத்தோடு குடிலுக்குள் தவழ்ந்தவன், மாடத்தில் ஒரே ஒரு பூவைக் கண்டான். இந்நிகழ்ச்சியை எளிமையின் வெற்றியாக எடுத்துரைப்பது வழக்கம். ஆனால் ஒரு பூவுக்காக ஒரு தோட்டத்தை அறுத்த கையில் கொடுமையும் இருந்தது. நாடாண்டவனுக்குப் பாடம் புகட்டும் செருக்கும் இருந்தது. ஒரு வரிக்காக நூறு வரியை அடிக்கும் கவிஞனுக்கு இது புதிதாகத் தோன்றாது; அறுபட்டது கொடியாக இருந்தவரை கேடில்லை.

1587ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கித்தானோ கோயில் தோப்பில் ஹிதெயோஷி பெருந்தேநீர் விழா ஒன்றை அறிவித்தான். உழவனும் வணிகனும் ஊழியனும் ஒரு கெண்டியும் ஒரு கிண்ணமும் கொண்டு வரலாம்; தேயிலை இல்லாதவன் வறுத்த அரிசி மாவு கரைத்தாலும் போதும் என்று பறை சாற்றப்பட்டது. ரிக்யூ முன்னின்று நடத்தினார். பத்து நாள் நடக்க இருந்தது ஒரே நாளில் நிறுத்தப்பட்டது. நாடாண்டவன் மனம் மாறும் விரைவுக்கு அது முன்னறிகுறி. 1590இல், மனத்திற்பட்டதைக் கூசாமல் கூறிவந்த யமானோவே சோஜியை ஹிதெயோஷி மூக்கும் செவியும் அறுத்துக் கொல்வித்தான். கொலையுண்டவர் ரிக்யூவின் முதன்மை மாணவர்.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், ரிக்யூவுக்கு அரணாக இருந்த ஹிதெயோஷியின் தம்பி ஹிதெனாகா இறந்தான். குற்றச்சாட்டுகள் எழுந்தன. தைத்தொகுஜி மடத்து வாயிலுக்கு ரிக்யூ தம் செலவில் மேல்மாடி கட்டித் தந்திருந்தார். நன்றி பாராட்டிய துறவியர் அவருடைய மரச்சிலையை அம்மாடியில் நிறுத்தியிருந்தனர். நாடாண்டவனும் அச்சிலையின் மிதியடிக்குக் கீழே நடக்க நேர்ந்தது என்பது ஒரு குற்றம். தேநீர்க் கலங்களுக்குத் தகாத விலை வைத்து விற்றார் என்பது மற்றொன்று. முதற்குற்றம் வெறும் சாக்கு. இரண்டாவது அத்தனை எளிதில் தள்ளக்கூடியதன்று. ரிக்யூ நன்று என்ற ஒரு சொல்லால் சோற்றுக் கிண்ணம் பொன்விலை பெற்றது. எளிமையே விலைப்பொருளாயிற்று. அந்த விலையில் ஒரு காசும் அதனை வனைந்த கொரியக் குயவனைச் சேரவில்லை. ரிக்யூ இதனை அறியாதவர் அல்லர். துலாக்கோல் பிடித்த குடியில் பிறந்தவர் அல்லவா!

1591ஆம் ஆண்டு, அவர்கள் கணக்கில் இரண்டாம் மாதம் 13ஆம் நாள், அவர் சக்காய்க்குத் திரும்பி வீட்டுக்குள் அடங்கியிருக்குமாறு ஆணை வந்தது. யோதோ ஆற்றுப் படகுத்துறையில் அவரை வழியனுப்ப அஞ்சாமல் வந்து நின்றவர் மாணவர் இருவர்: ஃபுருத்தா ஒரிபே, ஹொசோகாவா தாதாஒகி. மன்னிப்புக் கேட்டால் உயிர் பிழைக்கலாம் என்று நண்பர்கள் முயன்றதாகவும், ரிக்யூ உடன்படவில்லை எனவும் கூறுவர். சில நாளில் கியோட்டோவுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். வாயில்மாடியிலிருந்த அவர் சிலையை இறக்கிப் பாலத்தருகே கட்டிவைத்தனர், மரத்துக்கும் தண்டனை. 28ஆம் நாள், ஐரோப்பிய நாட்காட்டியில் ஏப்ரல் 21, படைவீரர் சூழ்ந்து நின்ற மாளிகையில் ரிக்யூ தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் தலை அச்சிலையின் அருகே காட்சிக்கு வைக்கப்பட்டது.

1901ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தாரோடு நெருங்கிப் பழகிய ஒக்காக்குரா காக்குசோ, 1906இல் தேநீர் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலின் முடிவில் ரிக்யூவின் இறுதித் தேநீரை விவரிக்கிறார். கலங்கள் ஒவ்வொன்றையும் விருந்தினர்க்கு நினைவுப்பொருளாக வழங்கிவிட்டு, தாம் பருகிய கிண்ணத்தை மட்டும் இனி ஒருவர் வாய் தீண்டலாகாது என்று உடைத்தார் என்பது அவர் தரும் செய்தி. உலகமெங்கும் பரவிய வடிவம் இதுவே. உறுதியான சான்றோடு எஞ்சியிருப்பது அதனினும் சிறிய பொருள்: இறுதி நாட்களில் ரிக்யூ தம் கையால் சீவிய மூங்கில் கரண்டி. கண்ணீர் என்பது அதன் பெயர். ஒரிபே அதற்கோர் உறை செய்து, உறையில் சாளரம் ஒன்று வெட்டி, ஆசானின் நினைவுப் பலகைபோல் வணங்கினார். அந்த ஒரிபேயும் 1615இல் அடுத்த ஆட்சியின் ஆணையால் தற்கொலை செய்துகொள்ள நேர்ந்தது.

ரிக்யூ மறைந்த மறு ஆண்டே ஹிதெயோஷி கொரியாவின்மீது படையெடுத்தான். 1598 வரை நீடித்த அப்போரில் ஜப்பானியப் பிரபுக்கள் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். ஹாகி, சத்சுமா, அரித்தா ஆகிய இடங்களின் புகழ்பெற்ற சூளைகள் அவர்கள் கையால் எழுந்தவை. கிண்ணத்தைப் போற்றிய சுவை, அதனை வனைந்தவனைச் சிறைப்பிடிக்கும் ஆசையாக முடிந்தது. இதற்கு ரிக்யூ பொறுப்பாளி அல்லர். ஆனால் அக்கிண்ணங்களின் அழகைப் பேசுகையில் இதனைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

சென் குடும்பத்துக்குப் பின்னர் மன்னிப்புக் கிட்டியது. பேரர் சோத்தானின் (1578–1658) புதல்வருள் மூவர் மூன்று தேநீர் மரபுகளை நிறுவினர்; மூன்றும் இன்றும் நிலைபெற்றுள்ளன. அக்காலத்திலேயே பழவேற்காடு மீண்டும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 1609இல் ஜப்பானின் ஹிராதோவில் பண்டகசாலை நிறுவிய டச்சுக்காரர், 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். இக்கரையின் நெசவாளர் நெய்த கோடுபோட்ட பருத்தித் துணியும் பூவேலைச் சாயத்துணியும் பத்தாவியா வழியாக ஜப்பானை அடைந்தன. கோட்டுத்துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் சாந்தோமே. மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயர் அது. தேநீர் அன்பர்கள் அத்துணியைக் கையகலத் துண்டுகளாகப் பாதுகாத்து, தேயிலைச் சிமிழ்களுக்கும் கிண்ணங்களுக்கும் பை தைத்தனர். கொரியக் குயவன் வனைந்த கிண்ணம் சோழமண்டலத்துப் பையில் உறங்கியது. பையை ஒரு மரப்பெட்டியில் வைத்து, பெட்டிமேல் கிண்ணத்தின் பெயரையும், அதனை வைத்திருந்தவர், பாராட்டியவர் பெயர்களையும் மையால் எழுதினர். வனைந்தவன் பெயரும் நெய்தவன் பெயரும் அப்பெட்டிகளில் இல்லை.